சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

தாராவியிலிருந்து வணக்கம். தீபாவளி லீவு முடிந்து திங்கட்கிழமை நம்ம பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அன்றைக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன மடலில் காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவிட்டு மைனிமாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறக்கவில்லை.

பள்ளியின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வீடியோவில் பேச ஆள் கேட்கத்தான் இந்த மடல். அதற்கு முன் முடிந்த காரியம். மேல்மாடியில் பெண் பிள்ளைகள் டாய்லெட் கதவுக்குக் கொண்டி போட்டாகிவிட்டது. இத்தனை நாளும் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு மீட்டிங்கிலும் யாரும் இதைச் சொல்லவில்லை. நான் வேறு வேலையாக மாடி ஏறியபோது கண்ணில் பட்டது. கொண்டியும் நாலு ஸ்க்ரூவும் 180 ரூபாய். சங்கக் கணக்கில் எழுத வேண்டாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டொராண்டோ தம்பி ஸ்மார்ட் போர்டு ஒன்று வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தான். நல்ல மனசு. ஆனால் முந்தி ஒருத்தர் கொடுத்த போர்டு எட்டாம் வகுப்பில் ஏற்கெனவே தொங்குகிறது. அதையும் போட்டு நாலு ஃபேனையும் ஓடவிட்டால் கீழே எம்.சி.பி. சுவிட்ச் விழுந்து கரண்டு போய்விடும். மும்பை அக்டோபர் புழுக்கத்தில் ஃபேனா போர்டா என்றால் பிள்ளைகள் எதைக் கேட்கும்? இப்போது போர்டின் மேல் டைம்டேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அரசு மானியம் இல்லாத பள்ளி. டீச்சர்மார் சம்பளம், கரண்டு பில் எல்லாம் ஃபீஸில்தான் ஓடவேண்டும். ஒரு சாமான் வந்தால் அதைக் கட்டி மேய்க்கிற செலவும் கூடவே வந்துவிடுகிறது. தம்பி, உன்னிடம் வேறு ஒன்று கேட்கப் போகிறேன், கடைசிவரை படி.

சனிக்கிழமை தமிழ் வகுப்பு பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. நாங்கள் படித்த காலத்தில் நம்ம பள்ளி தமிழ் வழி. இப்போது இங்கிலீஷ் மீடியம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் உண்டு. இருந்தும் நம்ம சனம் பிள்ளையை இங்கிலீஷில் போடத்தான் வரிசையில் நிற்கிறது. நானும் அப்படித்தான் போட்டேன், எனக்குப் பேச வாயில்லை. நம்ம பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி என்று மூன்று மொழிக்கும் இடம் போய்விட்டது. மராத்தி 2020 சட்டப்படி இங்கே எல்லாப் பள்ளியிலும் கட்டாயம், அது நியாயமும்கூட. இந்த ஊர்ச் சோற்றைத்தானே தின்கிறோம். தமிழுக்கு மிஞ்சியது சனிக்கிழமை ஒரு மணி நேரம். மார்க் கிடையாது, பரீட்சை கிடையாது.

மார்க் இல்லாத வகுப்புக்கு எந்தப் பிள்ளை வரும்? போன ஜூனில் ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் வேலை ஏவுவார்கள் என்று தப்பி வந்தவர்கள். அப்போதுதான் தமிழ் டீச்சர் ஒரு யோசனை செய்தார். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு வெளியூர்க்காரரை வீடியோவில் கூப்பிட்டு இருபது நிமிஷம் பேசச் சொன்னார். தலைப்பு அவரவர் இஷ்டம். பேச்சு தமிழில் இருக்க வேண்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், பிறகு கேட்டதை நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மஸ்கட் அண்ணாச்சி முறை. நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி எண்ணெய்க் கம்பெனி பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், சின்ன வயசில் தேரியில் வெறுங்காலோடு நடந்து பள்ளிக்கூடம் போன கதையை எடுத்துவிட்டார். இரண்டு நிமிஷம் போயிருக்கும், ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

"அங்கிள், யாரோடது?"

"எதுல யாரோடது?"

"நீங்க தேரி தேரின்னு சொல்றீங்கல்ல, அது யாரோடது?"

வகுப்பே சிரித்தது. அண்ணாச்சிக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்தியில் தேரி என்றால் 'உன்னுடையது' என்று டீச்சர் எடுத்துச் சொன்ன பிறகு அவர் சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போய்விட்டது. அப்புறம் விளக்கினார். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச் செவேல் என்று மணல் மேடு கிடக்கும், காற்றடித்தால் இடம் மாறும், மத்தியானம் கால் வைத்தால் கொப்புளம் போடும், பனையும் உடைமரமும் கொல்லாமரமும் அதில்தான் நிற்கும் என்றார். மணல் ஏன் சிவப்பு என்று ஒருத்தி கேட்டாள். அதில் இரும்பு கலந்திருக்கு என்றார். முதல் பையன் விடவில்லை: "தகரம் துருப்பிடிக்குமே, அந்தச் சிவப்பா?"

அவன் அப்பா தேர்ட்டீன் காம்பவுண்டில் பழைய இரும்பு தரம் பிரிக்கிறார். துரு அவனுக்கு வீட்டுச் சங்கதி. "அதே துருதாம்ல!" என்று அண்ணாச்சி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஊரையே பார்க்காத பிள்ளை தேரியைப் பிடித்துவிட்டான். அடுத்த வாரம் பதினான்கு பேர் வந்தார்கள்.

நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். சிலதுகள் தமிழை நாகரி எழுத்தில் எழுதி வைத்திருக்கின்றன. அதில் ழகரம் ஏது, மராத்தி ளகரத்தைப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். ஆக, பழம் எல்லாம் பளம், வாழை எல்லாம் வாளை. நம்ம ஊர் வாயிலும் அப்படித்தானே வருகிறது, பிள்ளைகளைத் திருத்த நமக்கு என்ன யோக்கியதை என்று பேசாமல் மூடி வைத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர் வருகிற மார்ச்சோடு ஓய்வு பெறுகிறார். 2005 ஜூலை 26 யாருக்கு மறக்கும்? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, மித்தி ஆறு கரை மீறிய நாள். மத்தியான ஷிப்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் மேல்மாடியில் மாட்டிக்கொண்டார்கள். கரண்டு இல்லை. தண்ணீர் ஏறுவதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த கடலை மிட்டாய்தான் ராத்திரிச் சாப்பாடு. விடிய விடிய டீச்சர் கதை சொன்னார். அழுத பிள்ளைகளும் கதை கேட்க அழுகையை நிறுத்தின என்று என் தங்கச்சி மகள் இன்றைக்கும் சொல்வாள், அவளும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான். வெள்ளம் வடிந்த பிறகு கீழ் அறைச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு டீச்சர் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நெஞ்சு மட்டம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வார், இப்போதும் இருக்கிறது.

அன்றைக்கு மாடியில் இருந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், உங்களுக்கே தெரியும். மார்ச் வரைக்குமான சனிக்கிழமைகளில் உங்கள் முறைதான் முதலில் வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். டீச்சர் போன பிறகு வகுப்பை யார் நடத்துவது என்பது தனிக் கேள்வி. செம்பூர், முலுண்டு, டோம்பிவிலிப் பக்கம் இருப்பவர்களில் ஒருத்தர் வாரா வாரம் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் அது நடக்கும், வீடியோவில் பிள்ளைகளைக் கட்டி வைக்க முடியாது. ஒருத்தருக்குச் சுமை என்றால் இரண்டு பேர் மாற்றி மாற்றி வரலாம்.

தாராவி மறுசீரமைப்பில் பள்ளி என்னாகும் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கி, கதவுக்குக் கதவு எண் போட்டதைப் பார்த்தோம். பள்ளி விஷயத்தில் கையில் காகிதம் வந்தால் எழுதுவேன், டீக்கடைப் பேச்சை எழுத மாட்டேன்.

கேதரிங், அதாவது பள்ளி ஆண்டு விழா, டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல வாடகை ஹாலில். போன வருஷம் மைக்செட்காரர் எட்டு மணிக்குக் கல்யாண ஊர்வலம் இருக்கிறது என்று பாதியில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக்கொண்டு போனார். மேடையில் வில்லுப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அசரவில்லை, தொண்டையை ஏற்றிப் பாடி முடித்தார்கள். குடம் அடித்தவன் உத்தரப் பிரதேசத்துப் பையன், ஆமாம் போடுவதில் நம்ம பிள்ளைகளை அவன் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். இந்த வருஷமும் வில்லுப்பாட்டு உண்டு, மராத்திப் பிள்ளைகளின் லேஜிம் ஆட்டமும் உண்டு. வில்லு எலக்ட்ரிக் வேலைக்கான பிவிசி பைப்பை வளைத்துச் செய்தது, அது போதும். மணிகள்தான் சரியில்லை, சலங்கையைக் கட்டி ஒப்பேற்றுகிறார்கள். ஊரிலிருந்து டிசம்பருக்குள் யாராவது வருவதாக இருந்தால் வில்லில் கட்டுகிற வெண்கல மணி ஒரு கோவை வாங்கி வாருங்கள், பணம் நான் தருகிறேன்.

பொங்கலுக்கு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் வழக்கம்போல வரிசையாகப் பானை ஏறும். பள்ளியில் சங்கராந்தியும் பொங்கலும் ஒரே நாளில் வைக்கிறார்கள்: காலையில் எள்ளுருண்டையை நீட்டி "தில்கூள் க்யா, கோட் கோட் போலா" (எள்ளும் வெல்லமும் எடுத்துக்கோ, இனிக்க இனிக்கப் பேசு) என்பார்கள், அந்தக் கையிலேயே சர்க்கரைப் பொங்கலும் விழும். கருப்பட்டி உடன்குடியிலிருந்து சார்ஜா மைனி அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றார். மைனி, ஞாபகம் இருக்கட்டும்.

அதே ஜனவரியில் பத்தாம் வகுப்புக்குப் பிரிலிம், அதாவது ஒத்திகைப் பரீட்சை. முன்பெல்லாம் எஸ்.எஸ்.சி. பொதுப் பரீட்சை என்றால் மார்ச் மாசம். 2025-இல் பிப்ரவரி 21-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அதனால் நைட் ஸ்டடி டிசம்பரிலிருந்தே ஆரம்பம். பத்துக்குப் பத்து ரூமில் டிவியும் மிக்ஸியும் ஓடும்போது எங்கே உட்கார்ந்து படிப்பது? பள்ளியை ராத்திரி பத்து மணி வரை திறந்து வைக்கிறார்கள். அல்ஜீப்ரா ஒரு தாள், ஜியோமெட்ரி ஒரு தாள், இரண்டுக்கும் நாற்பது நாற்பது மார்க். இரண்டாவதில்தான் பிள்ளைகள் முழிக்கிறார்கள். சயனில் இருக்கிற இன்ஜினியர் மாப்பிள்ளை வாரம் இரண்டு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அவர் வீட்டுக்கே பிள்ளைகளை அனுப்பி வைப்பேன்.

சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சனிக்கிழமைப் பிள்ளைகளில் பத்துப் பேரை ஊருக்குக் கூட்டிப் போக ஒரு ஆசை. தேரிப் பையனுக்கு முதல் சீட்டு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. முன்பு 120 நாளைக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான் என்று ஆக்கிவிட்டார்கள். பரீட்சை நேரத்தில் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார கை வேகமான இரண்டு பேர் வேண்டும். ஊரில் யார் வீட்டில் தங்க வைப்பது என்று பெரியப்பாமார் யோசித்து வையுங்கள்.

சனிக்கிழமைப் பட்டியலில் டிசம்பரில் இரண்டு, ஜனவரியில் மூன்று, பிப்ரவரி முழுக்கக் காலி. நேரம் இங்கே காலை பதினொன்றரை. மஸ்கட், சார்ஜாவில் பத்து மணி, சிங்கப்பூரில் மதியம் இரண்டு மணி, லண்டன்காரர்கள் ஆறு மணிக்கு எழுந்திரிக்க வேண்டும். பவர்பாயிண்ட் எதுவும் தயார் செய்ய வேண்டாம், கரண்டு விஷயம்தான் மேலே சொன்னேனே.

டொராண்டோ தம்பி, உனக்கு அது ராத்திரி ஒரு மணி. பனிக்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று காட்டினாலே பிள்ளைகள் அரை மணி நேரம் கேள்வி கேட்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி எப்படியும் நீ தூங்க மாட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். எந்தத் தேதி போடட்டும்?