சுவர் விளக்குக்குப் புளி வேண்டாம்

கவி: (படம்) மாமா, லியோனில் ஒரு பழைய சாமான் சந்தையில் நிற்கிறேன். சுவர் விளக்கு ஒரு ஜோடி, வெண்கலமாம். 180 யூரோ சொல்கிறார். வாங்கலாமா?

பாரிஸ் மாமா: கண்ணாடியின் ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா பார்.

கவி: சின்னதாக 'முல்லர் ஃப்ரெர், லூனேவில்'.

பாரிஸ் மாமா: அட! பிரான்ஸின் வடகிழக்கே லொரேன் பகுதிப் பட்டறை. 1920, 30களில் அவர்கள் செய்த கண்ணாடி எனக்கு உயிர். மங்கலான கண்ணாடியில் பூ மட்டும் மேடாக, வழவழவென்று மெருகேறி நிற்கும். இரண்டிலும் அந்தப் பெயர் இருக்கிறதா? ஒன்று உடைந்து வேறு கண்ணாடியைப் பொருத்தியிருப்பார்கள்.

கவி: இரண்டிலும் இருக்கிறது.

பாரிஸ் மாமா: சரி, விளக்கைத் திருப்பு. சுவரோடு ஒட்டும் பக்கத்தில் தேய்ந்த இடம் இருக்கும், அது என்ன நிறம்? மஞ்சள் என்றால் வெண்கலமோ பித்தளையோ. வெளிறிய சாம்பல் என்றால் 'ரெகுல்', துத்தநாகக் கலவைக்கு மேல்பூச்சு. காந்தத்தை நம்பாதே, இரண்டிலுமே ஒட்டாது.

கவி: மஞ்சள்தான். நல்ல கனம்.

பெரியம்மா: கறுத்துக் கிடக்கிறதே! புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும்.

பாரிஸ் மாமா: அக்கா, வேண்டவே வேண்டாம். நம் குத்துவிளக்கு உள்ளும் புறமும் ஒரே பித்தளை. இதில் அந்தக் கறுப்பே பட்டறையில் மருந்தும் சூடும் வைத்து ஏற்றிய நிறமாக இருக்கலாம். புளிப்பு பட்டால் கரைந்துவிடும். முலாம் இருந்தால் தேய்ப்பிலேயே போய்விடும். போனால் போனதுதான்.

பெரியம்மா: அப்போ அழுக்கோடு மாட்டுவதா?

பாரிஸ் மாமா: மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும் அக்கா.

தம்பி: வயர் மேல் துணி சுற்றியிருக்கிறதே, எரியுமா?

பாரிஸ் மாமா: எரிகிறதா என்று செருகிப் பார்க்கவே கூடாது! உள்ளே ரப்பர் உதிர்ந்திருக்கும். அப்போது பாரிஸிலேயே 110 வோல்ட்தான், இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு. எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து வயர் முழுவதையும் மாற்றி, எர்த்தும் வைக்கச் சொல். பழைய ஹோல்டர் பெரும்பாலும் நம் ஊர் பின் பல்பு மாட்டுவதுதான். எல்இடி போடு, சூடு குறைவு.

கவி: கேட்ட விலைக்கே வாங்கட்டுமா?

பாரிஸ் மாமா: கண்ணாடி விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார். எங்கும் தட்டாவிட்டால் யோசிக்காதே. ஜோடியைப் பிரித்து மட்டும் வாங்காதே.

கவி: எங்கும் தட்டவில்லை. பணம் கொடுக்கிறேன்.

பாரிஸ் மாமா: கண்ணாடியைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றித் தரச் சொல்.