இலக்கிய வகுப்பில் அனிமேஷன்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொள்ளிடக்கரை எழுதியது:

நானே தொடங்கி வைக்கிறேன். திருபுவனம் பக்கம் அரசுப் பள்ளி, பத்தாம் வகுப்புத் தமிழ். சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும், அந்தப் பகுதியில் கதை என்று ஒன்றும் நடக்காது. கண்ணகியும் வரமாட்டாள், கோவலனும் வரமாட்டான். புகார் நகரத்துக் கடைத்தெருவை இளங்கோவடிகள் சுற்றிக் காட்டுகிறார், அவ்வளவுதான். 'வண்ணமும் சுண்ணமும் தண்நறுஞ் சாந்தமும்' என்று ஆரம்பித்து, துணி நெய்கிறவர், தானியம் குவித்த கூல வீதி, பிட்டு விற்கிற காழியர், அப்பம் விற்கிற கூவியர், மீன், உப்பு, வெற்றிலை, எண்ணெய் என்று போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு அது சொற்பொருள் பட்டியல். மத்தியான வகுப்பாக இருந்தால் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும்.

லேபில் ஸ்கிராட்ச் இருந்தது. படங்களை அசைய வைக்க உதவுகிற மென்பொருள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் இலவசமாக வெளியிட்டது, இணையம் இல்லாமலும் ஓடும். குழுவுக்கு ஒரு தெரு என்று பிரித்துக் கொடுத்தேன். பாட்டில் இருப்பது விடுபடக் கூடாது, இல்லாதது வரக் கூடாது, இது ஒன்றுதான் விதி.

கூல வீதிக் குழு முதலில் வந்தது. சாக்குச் சாக்காக மிளகாய் வற்றல், பக்கத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி. கும்பகோணம் மார்க்கெட்டை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கினார்களே, அதற்கும் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தவை. "அப்போ காரத்துக்கு என்ன சார் பண்ணாங்க?" என்றான் ஒருவன். பட்டினப்பாலையை எடுத்துக் காட்டினேன். அதுவும் இதே புகார்தான். 'காலின் வந்த கருங்கறி மூடையும்' என்று மிளகு மூட்டை அங்கே இருக்கிறது. மிளகாய்ச் சாக்குகள் மிளகு மூட்டைகளாயின. அதே பாட்டில் சுங்கத்தில் மூட்டைகள் மேல் சோழனின் புலி முத்திரை பதிக்கிற இடமும் வருகிறது. முத்திரை 'டப் டப்' என்று விழுவதை அசைய வைப்பது சுலபம் என்று தெரிந்ததும் அதையும் நுழைத்துவிட்டார்கள். விதிப்படி தப்புதான். பாடத்தில் இல்லாத ஒரு சங்கப் பாட்டிலிருந்து அந்த இடத்தை ஆசையாக எடுத்துக்கொண்ட பிள்ளைகளிடம் விதி பேச எனக்கு மனம் வரவில்லை.

நெசவுக் குழுவில் ஒரு பெண், வீட்டிலேயே தறி ஓடுகிறது. மற்றவர்கள் வரைந்த தறியைப் பார்த்துவிட்டு, "கால் மிதிக்காம பாவு எப்படிடா பிரியும்?" என்று அழித்துவிட்டாள். மிதிபலகை இறங்கும், நெடுக்கு நூலான பாவு பிரியும், குறுக்கு நூலோடு நாடா ஓடும் என்று அவள் வரைந்த தறி அசலாக இருந்தது. என்ன, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் உட்கார்ந்திருந்தது. அது துணியில் பூ வேலைப்பாடு விழ வைக்க 1804 வாக்கில் பிரான்சில் வந்த கருவி என்று சொன்னால், "அது இல்லாம புட்டா எப்படி சார் விழும்?" என்கிறாள். வீட்டில் பெரியவரிடம் கேட்டு வரச் சொன்னேன். முன்காலத்தில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்துக் கொடுப்பார், 'அடை' என்று பெயர், என்று கேட்டுக்கொண்டு வந்தாள். படத்தில் தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் முளைத்தான்.

வீடியோ என்று பார்த்தால் சுமார்தான். மனிதர்கள் நடப்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார்கள். ஆனால் சுண்ணாம்பா வாசனைப் பொடியா என்று தெரியாமல் சுண்ணத்தை வரைய முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்தது. உரையில் பொருளை நான் சொல்லி எழுதிக்கொண்ட காலத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

பாலக்காட்டுத் தமிழ் எழுதியது:

எங்கள் ஊர் சித்தூர் தாலுக்கா. கேரளம்தான், ஆனால் தமிழ்வழிப் பள்ளி. இங்கே 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று உயர்நிலைப் பள்ளிகளில் கணினி மன்றம் ஆரம்பித்தார்கள். அதில் அனிமேஷனும் ஒரு பயிற்சி. அதனால் ஓபன்டூன்ஸ் மாதிரி மென்பொருளெல்லாம் பிள்ளைகளுக்கு முன்பே அறிமுகம். இந்த ஓபன்டூன்ஸ், ஜப்பானின் கிப்ளி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளிலிருந்து வந்தது. 2016-இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் தனி உற்சாகம்.

பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து உண்டு. அம்மன் தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டதாம், அவளுக்காகவே கூத்துமாடத்தில் 21 விளக்கு ஏற்றி வைத்து நடத்துவார்கள். சுற்றிலும் மலையாளம் பேசுகிற ஊர், பாடுவது கம்பராமாயணப் பாட்டு. எங்களுக்கு இதைவிட நல்ல பிடி வேறு எங்கே கிடைக்கும்? பாவைகளைப் போலவே உறுப்புகளைத் தனித்தனியாக வரைந்து, தோளிலும் முழங்கையிலும் இணைத்து ஆட்டுவது என்று முடிவு செய்தோம்.

பிள்ளைகள் முதலில் அடம்பிடித்தது உதட்டசைவுக்கு. பாத்திரம் பேசினால் வாய் அசைய வேண்டாமா என்பது அவர்கள் கட்சி. கூத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பாவைக்கு வாய் அசையாது, பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். பேசுகிறது யார் என்று பார்க்கிறவர்களுக்குக் குழப்பமே வரவில்லை. அதற்குப் பிறகு உதட்டசைவுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேலையும் பாதியாகக் குறைந்தது.

காட்சி, வாலி வதை. இங்கேதான் பெரிய விவாதம். இராமன் மறைந்து நின்று அம்பு விடுகிறான். அவனைப் பார்க்கிறவர்களுக்கு முன்பே காட்டுவதா, கூடாதா? ஒரு கூட்டம் மரத்துக்குப் பின்னால் நிற்கிற இராமனை வரைந்தே கொண்டு வந்துவிட்டது. இன்னொரு கூட்டம் கம்பரைப் பிடித்துக்கொண்டது. வாலி தன் மார்பில் தைத்த அம்பைப் பறித்து, அதில் பொறித்திருக்கிற பெயரைப் பார்த்துத்தான் எய்தவன் யாரென்று அறிகிறான். 'இராமன் என்னும் செம்மை சேர் நாமம் தன்னைக் கண்களின் தெரியக் கண்டான்' என்கிறார் கம்பர். வாலிக்குத் தெரிகிறபோதுதான் நமக்கும் தெரிய வேண்டும் என்று ஓர் ஒன்பதாம் வகுப்புப் பையன் வாதாடினான். கடைசியில் அவன் பக்கம் ஜெயித்தது. திரையில் முதலில் வருவது இராமன் உருவம் இல்லை, அம்பில் இருக்கிற எழுத்து. பட்டிமன்றத்தில் 'மறைந்து நின்றது சரியா தவறா' என்று வருஷாவருஷம் கேட்டிருக்கிறேன். கேமராவை எங்கே வைப்பது என்று கேட்டபோதுதான் பிள்ளைகள் பாட்டைப் படித்தார்கள்.

அடிபிறழாமல் எழுதியது:

எல்லாம் சரி ஐயா. என் பள்ளியிலும் ஒரு வருஷம் நடந்தது. காட்சி வரைந்த இரண்டு பேர் நன்றாகக் கற்றார்கள், மற்ற ஆறு பேர் அவர்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொதுத்தேர்வு வினாத்தாளில் 'அடிபிறழாமல் எழுதுக' என்றுதான் இருக்கிறது, அசைய வைக்கச் சொல்லவில்லை. பாடத்தை முடிக்கவே ஜனவரி ஆகிவிடுகிறது. கணினி அறைச் சாவி வாங்குவது தனிப் புராணம். தேர்வுத்தாளில் ஒரு பெண் படத்துக்காகத் தாங்கள் சேர்த்த வசனத்தை இளங்கோவடிகள் வாக்காகவே எழுதி வைத்தாள். மதிப்பெண் போடுகிறவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா?

கொள்ளிடக்கரை எழுதியது:

வசனம் சேர்ப்பது ஆபத்துதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் எங்கள் படத்தில் வசனமே கிடையாது, செய்யுள் மட்டும்தான் பின்குரல். ஒருவர் ஒரு வரி என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. நடுவில் ஒருவன் தடுக்கினால் முதலிலிருந்து பதிவு. 'பாசவர் வாசவர் பல்நிண விலைஞரோடு' அவர்கள் வாயில் எத்தனை தடவை ஓடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அடிபிறழாமல் வருவதற்கு அதைவிடப் பயிற்சி வேண்டாம். வேடிக்கை பார்க்கிற ஆறு பேரும் இப்படித்தான் உள்ளே வந்தார்கள். சாவி விஷயத்தில் உங்கள் கட்சிதான் நானும்.

மட்டுநகர் ரீச்சர் எழுதியது:

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி காப்பியத்துப் பெண் மட்டுமல்ல, ஊருக்கு ஊர் கோயில் கொண்டிருக்கிற அம்மன். வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும், கண்ணகி வழக்குரை என்ற எங்கள் பக்கத்துக் கதைப்பாட்டைப் படிப்பார்கள், உடுக்கு அடித்து அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தி பாடுவார்கள். இப்படியான இடத்தில் தரம் 10 பிள்ளைகளிடம் சிலப்பதிகாரத்தைக் கார்ட்டூன் செய்யுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் ஒரு தகப்பன் வந்தார். கோபப்படவில்லை, "அம்மாட முகத்தை மட்டும் விளையாட்டா வரைய வேண்டாம் ரீச்சர்" என்றார்.

பிள்ளைகளே வழி கண்டுபிடித்தார்கள். படம் முழுக்க முகமே வராது. காலும் ஒற்றைச் சிலம்பும் விரித்த கூந்தலும் மட்டும். அரசவையில் அவள் பேசும்போது பாண்டியன் முகத்தைத்தான் பார்க்கிறோம். இடமுலையைத் திருகி எறிகிற இடத்தை எப்படிக் காட்டுவது என்று எனக்கு இருந்த கவலையும் அதோடு போயிற்று. ஒரு கை உயர்கிறது, திரை சிவக்கிறது, அவ்வளவே.

இதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை. மதுரை எரிவதோடு படத்தை முடித்துக் கொண்டுவந்தபோது பாதி வகுப்பு ஏற்கவில்லை. அம்மனைக் கோபத்தோடு விட்டுப் போகக் கூடாது, குளிர வைக்க வேண்டும் என்றார்கள். வழக்குரையில் கடைசியில் குளிர்ச்சிக் காதை இருக்கிறது என்று அம்மம்மாவிடம் கேட்டு வந்து சொன்னாள் ஒருத்தி. இளங்கோவில் அப்படி இல்லை. அங்கே கண்ணகி மேற்கே நடந்து சேரநாட்டு மலையில் வேங்கை மர நிழலில் நிற்கிறாள், பதினான்காம் நாள் வானுலகம் போகிறாள். கடைசியில் இரண்டு முடிவும் செய்தார்கள். ஒன்று வேங்கைப் பூ உதிர்கிற மலை, மற்றது தண்ணீரும் வேப்பிலையும். பள்ளிக்கூட விழாவில் எதைப் போடுவது என்று பள்ளி அதிபர் (தலைமை ஆசிரியர்) என்னைக் கேட்டார். இரண்டையும் போடச் சொன்னேன். பாடநூலுக்கு வெளியே ஒரு கண்ணகி கதை தங்கள் வீட்டில் இருக்கிறது, அதற்கும் இலக்கிய வகுப்பில் இடம் உண்டு என்று பிள்ளைகள் நினைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டு பிரேம் எழுதியது:

ரீச்சர், முகம் காட்டாத யோசனை அபாரம். எங்கள் தொழிலில் இதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே தோன்றாது.

நான் ஆசிரியர் இல்லை, சென்னையில் அனிமேஷன் வேலை. படித்த பள்ளியில் கூப்பிட்டார்கள் என்று போனேன். அவர்களும் சிலப்பதிகாரம்தான், கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கிற வழக்குரை காதையை எடுத்திருந்தார்கள். எல்லாக் குழுவிலும் கண்ணகி ஒரே மாதிரி, கையை நீட்டி உயர்த்திச் சிலம்பைப் பிடித்தபடி. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மெரினா சிலை. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தது, அந்தச் சிலைதான் நம் எல்லோர் தலையிலும் கண்ணகியாக உட்கார்ந்திருக்கிறது. பாண்டியன் அரண்மனையோ மொகலாய வளைவும் குவிமாடமுமாக இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பின்னணிப் படம். இப்போது ஏஐ-யிடம் கேட்டு வாங்குகிறார்கள், அது இன்னும் மோசம், கண்ணகிக்கு ராஜஸ்தான் நகையெல்லாம் போட்டுத் தருகிறது. என்னைக் கேட்டால் பள்ளி வேலையில் ஆயத்தப் படம் எதையும் அனுமதிக்கவே கூடாது. குச்சி மனிதன் போதும். ஆயத்தப் படம் வந்த இடத்தில் யோசனை நின்றுவிடுகிறது.

அந்தக் காட்சியில் எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று இருந்தது. சிலம்பை உடைத்ததும் 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே' என்கிறது பாட்டு. மாணிக்கப் பரல் தரையில் உருண்டு நிற்கவில்லை, அரசன் வாயருகே போய்ப் படுகிறது. தீர விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன வாய் அது. பிள்ளைகளிடம் இந்த வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, பரல் எங்கிருந்து எங்கே போகிறது, கோடு போட்டுக் காட்டுங்கள் என்றேன். ஒரு பெண் கோட்டை இழுத்துக்கொண்டே போய் வாயில் நிறுத்திவிட்டு, "ஓ" என்றாள். பள்ளியில் இந்தப் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்தவன் நான். எனக்கு அப்போது அந்த 'ஓ' வரவில்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர்களுக்கு உதவும். சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் போதும். அப்படியும் ஒரு நிமிஷத்துக்கு 720 படம். கையால் ஒவ்வொன்றாக வரையச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பாலக்காட்டு ஐயா செய்த மாதிரி உறுப்புகளை இணைத்து ஆட்டுவதுதான் சரி. முப்பது நொடிக்கு மேல் படம் வேண்டாம். அப்புறம் எழுத்து. சில மென்பொருளில் தமிழ் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். இங்க்ஸ்கேப்பில் தட்டி, பிஎன்ஜி படமாக எடுத்து உள்ளே வையுங்கள்.

பாலக்காட்டுத் தமிழ் எழுதியது:

எழுத்துக்கு வழி சொன்னதற்கு நன்றி தம்பி. வாலி அம்பில் 'ரா' எழுத்தின் கால் கழன்று விழுந்து நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒலிப்பதிவுக்கு ஏதாவது சொல்லுங்களேன். லேபில் ஃபேன் சத்தம், வெளியே பி.டி. விசில்.

பன்னிரண்டு பிரேம் எழுதியது:

லேபை விட்டுவிடுங்கள் ஐயா. வீட்டில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் பதிவு செய்து வரச் சொல்லுங்கள், எதிரொலி அடங்கிவிடும். முதலில் ஒலியை முழுக்க முடித்துவிட்டு, அதன் நீளத்துக்குப் படத்தைச் செய்யுங்கள். படத்தை முடித்துவிட்டுப் பாட்டை அதற்குள் திணித்தால் விருத்தத்தின் ஓசை போய்விடும், பிள்ளைகள் வேகவேகமாக ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.