பிளேட்லெட் 38,000, ஆனால் ரத்தக்கசிவு இல்லை. எண்ணிக்கையை நம்பலாமா?

சிவப்புத்துளி:
வணக்கம். சி.பி.சி.யில் (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) பிளேட்லெட் 38,000 என்று மெஷின் காட்டுகிறது. ஈறில் ரத்தம் இல்லை, தோலில் புள்ளிகள் இல்லை, ஹீமோகுளோபினும் சரியாக இருக்கிறது. வெள்ளணு மட்டும் 12,400. ரிப்போர்ட்டை இப்படியே கொடுக்கலாமா?

எண்ணெய்லென்ஸ்:
வேண்டாம். முதலில் ட்யூபுக்குள் மரக்குச்சி விட்டுப் பாருங்கள். நூல் நூலாக உறைவு ஒட்டி வந்தால் அந்த சாம்பிள் பயன்படாது, புதிதாக எடுக்க வேண்டும். உறைவு இல்லையென்றால் ஸ்மியர் போடுங்கள், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் பார்த்து 'குறைவு' என்று எழுதிவிடுகிறார்கள். ஒட்டிக்கொண்ட பிளேட்லெட் கொத்துகளோ படலம் முடியும் வால்நுனிக்கு இழுபட்டுப் போயிருக்கும். அங்கே பிளேட்லெட்டுகள் இருபது, முப்பதாக ஒட்டி, ஊதா நிறத் திட்டாகக் கிடந்தால், மெஷின் குறைத்து எண்ணியிருக்கிறது என்று புரிந்துவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க ட்யூபில் இருக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் பிளேட்லெட்டின் மேலுள்ள ஒரு புரதம் உருமாறி, மறைந்திருந்த பகுதி வெளியே வருகிறது. சிலரது ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உண்டு. ட்யூப் ஆற ஆற அது பிளேட்லெட்டுகளை ஒட்டவைக்கும். உடலுக்குள் இது நடப்பதில்லை. மெஷின் அளவை வைத்துத்தான் எண்ணுகிறது. பெரிய கொத்தை வெள்ளணு என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் 12,400க்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

உறையாமல் தடுக்கும் வேறொரு ரசாயனமான சோடியம் சிட்ரேட் உள்ள ட்யூபில் மறுபடி எடுங்கள். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் என்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். கோடு வரை நிரப்பாவிட்டால் இந்தப் பெருக்கல் பொய்யாகிவிடும்.

சிவப்புத்துளி:
சிட்ரேட்டிலும் கொத்து வந்தால்?

எண்ணெய்லென்ஸ்:
சிலருக்கு வரும். சாம்பிளை 37 டிகிரியிலேயே வைத்து, எடுத்த கையோடு மெஷினில் ஓட்டிப் பாருங்கள். அதிலும் தீரவில்லையென்றால் எண் போடாமல், 'கொத்துகள் உள்ளன' என்று எழுதி டாக்டரிடம் சொல்லுங்கள். 100 மடங்கு லென்ஸில் 10 புலங்களில் (லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் பகுதி) எண்ணிய பிளேட்லெட்டுகளின் சராசரியை 15,000 ஆல் பெருக்கும் கணக்கு (சராசரி 14 என்றால் 2,10,000) கொத்து இல்லாத ஸ்மியருக்குத்தான்.

மஜ்ஜை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கசிவு இல்லை என்பதை மட்டும் வைத்து 38,000 பொய் என்று முடிவு கட்டக் கூடாது. அந்த அளவில் பலருக்குத் தானாகக் கசிவு வருவதில்லை. ஸ்மியரில் கொத்தும் இல்லை, பிளேட்லெட்டும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கிறது என்றால் எண் உண்மைதான். டாக்டருக்கு உடனே போன் போட வேண்டும். ராட்சத பிளேட்லெட்டுகள் இருந்தாலும் கவனியுங்கள், மெஷின் அவற்றைச் சிவப்பணுவாக எண்ணி பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்டும்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். எண்ணிக்கை 2,50,000 இருக்கும், காயம் பட்டால் ரத்தம் நிற்காது. ஆஸ்பிரின் பிளேட்லெட்டிலுள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைப் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அது வாழும் 7 முதல் 10 நாளும் அப்படியேதான். அதனால் ரத்தம் நிற்கவில்லை என்று வருபவரிடம் கடந்த 10 நாளில் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டு, சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.