கலைச்சொல் உதவி: டார்க் பேட்டர்ன் – புதன் மாலைக்குள் வேண்டும்

மலர்விழி, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம்.

டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளுக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். புதன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தலைப்பைத் தவிர எல்லாம் முடிந்தது.

டார்க் பேட்டர்ன்களை, அதாவது நாம் நினைக்காததைச் செய்யவைக்கும் இணையதள, செயலித் தந்திரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் 13 வகைகள். என் கைக்கு வந்த முதல் வரைவில் 'இருண்ட வடிவங்கள்' என்று இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "பேய்க் கதையா?" என்றார். அதே அம்மாதான் போன மாதம் ஒரு செயலியில் பேருந்து டிக்கெட் எடுக்கப்போய், கேட்காத பயணக் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியவர். கட்டத்துக்குள் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. கண்ணாடி இல்லாமல் அதை யார் பார்ப்பது?

பொதுச்சொல் ஒன்று வேண்டும். கூடவே, சேர்வது சுலபம், விலகுவது கடினம் என்கிற அந்தச் சந்தா வகைக்கும், கடைசித் திரை வரை கட்டணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்காட்டும் வகைக்கும், 'வேண்டாம்' என்பவரைக் கூச வைக்கும் வகைக்கும் சொற்கள் வேண்டும்.

நசீர், திங்கள் மதியம்

மலர் அக்கா, என் பிழைப்பே திரை வடிவமைப்பு என்பதால் கொஞ்சம் பின்கதை சொல்கிறேன். இந்தச் சொல்லை 2010-ல் உருவாக்கியவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். இணையதளங்கள் ஆளை ஏமாற்றும் விதங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, ஒரு தளத்தில் மாட்டினார். பேருந்து நிலையத்தில் ஜேப்படிக்காரர் படத்தை ஒட்டுவார்களே, அந்த மாதிரி.

பேட்டர்ன் என்பது கட்டடக்கலையில் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் பரப்பி, பிறகு மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். அடிக்கடி வரும் சிக்கலுக்கு அடிக்கடி கைகொடுக்கும் தீர்வு. ஆகவே ஒருமுறை நடந்த தவறு பேட்டர்ன் ஆகாது. யோசித்து, சோதித்துப் பார்த்து, பலித்ததால் திரும்பச் செய்வதுதான் பேட்டர்ன்.

வகுப்பில் நான் காட்டும் இரண்டு உதாரணங்கள். ஒன்று ரயன்ஏர் விமான நிறுவனம். காப்பீடு வேண்டாதவர் அதைச் சொல்ல, வசிக்கும் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்குள் போக வேண்டியிருந்தது. டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் நடுவே, ஒரு நாடு போல, 'எனக்குக் காப்பீடு வேண்டாம்' உட்கார்ந்திருந்தது. ஆங்கில அகரவரிசைப்படி மிகச் சரியான இடம்! இரண்டாவது, 2017-ல் ஒரு சீனக் காலணி விற்பனையாளர் இன்ஸ்டாகிராமில் போட்ட விளம்பரம். படத்தின் மேல் ஒரே ஒரு முடியை வரைந்து வைத்தார்கள். திரையில் முடி ஒட்டியிருக்கிறது என்று விரலால் தள்ளினால், நேரே கடைக்குப் போய்விடுவீர்கள். பின்னால் அந்த விளம்பரத்தை இன்ஸ்டாகிராம் எடுத்துவிட்டது. முதல்முறை பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முக்கியமான ஒன்று: பிரிக்னலே இப்போது 'டார்க்' என்பதை விட்டுவிட்டு, ஏமாற்றுகிற என்று பொருள்தரும் சொல்லுக்கு மாறிவிட்டார். தளத்தின் பெயரும் மாறியாயிற்று. அவரே கைகழுவிய இருட்டை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்?

வேலாயுதம், திங்கள் இரவு

அன்புடையீர்,

தம்பி நசீர் சொன்ன முடிக்கதையைப் படித்ததும் எனக்குப் புறநானூற்று 320-ஆம் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். முற்றத்தில் அவன் கட்டிவைத்த பெண்மானோடு காட்டு ஆண்மான் வந்து விளையாடுகிறது. அந்தப் பெண்மானைப் புலவர் 'பார்வை மடப்பிணை' என்கிறார். பார்வை என்றால் கண்ணால் பார்ப்பது மட்டுமன்று. மற்ற விலங்கை வரவழைப்பதற்காகப் பழக்கிய விலங்குக்கும் பார்வை என்றே பெயர். பெரும்பாணாற்றுப்படையிலும் 'பார்வை யாத்த' என்று வரும்.

திரையில் வரைந்த அந்த முடி வேறென்ன? பார்வைதான்! கண்ணுக்குக் காட்டுவது, வலைக்குள் அழைப்பது இரண்டும் ஒரே சொல்லில் அமைந்திருக்கின்றன. 'பார்வை வடிவம்' என்று வைக்கலாம்.

அது வேண்டாமென்றால் 'படிற்றுப் பாங்கு'. படிறு என்றால் வஞ்சகம். வள்ளுவர் 'வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்' என்றார். அதே அதிகாரத்தில் புதரில் மறைந்து வேட்டுவன் பறவையைச் சிமிழ்ப்பதும் வருகிறது. சிமிழ்த்தல் என்பது பிணித்தல். சிமிழ் என்ற சிறு செப்பும் மூடிப் பிடித்துக்கொள்வதாலேயே அப்பெயர் பெற்றிருக்கலாம் என்பது என் நெடுநாள் கருத்து. குங்குமச் சிமிழ், கண் இமை சிமிட்டுதல் ஆகியவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

சாந்தி, செவ்வாய் காலை

ஐயா, சிமிழை நாளைக்கே வைத்துக்கொள்வோம். புதனுக்குள் பொதுச்சொல் வேண்டும்.

நான் பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் இன்று முதல் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தேன். முடிவுகளை அப்படியே தருகிறேன். 'இருண்ட வடிவமைப்பு' என்றதும் ஒரு பையன், "அதைப் போட்டால் பேட்டரி மிச்சமாகுமா மிஸ்?" என்றான். டார்க் மோடு என்று நினைத்துவிட்டான். தப்பே இல்லை. 'பார்வை வடிவம்' என்றேன், கண் மருத்துவம் என்றார்கள். 'படிறு' என்றேன், யாரோ படிக்கட்டு என்றார்கள், அதோடு விட்டுவிட்டேன்.

'பொறி வடிவமைப்பு' என்றும் ஒன்று யோசித்து வைத்திருந்தேன், எலிப்பொறி மாதிரி. பக்கத்து அறை இயந்திரவியல் ஆசிரியர், "அது எங்கள் பாடம் அம்மா, பல்சக்கரம், தாங்கு உருளை எல்லாம் வரும்" என்று சிரித்தார்.

குமரன், செவ்வாய் காலை

> 'படிறு' என்றேன், யாரோ படிக்கட்டு என்றார்கள்

மாணவருக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லை விட்டால், அவர்களுக்கு எப்போது தெரியப்போகிறது? 'கணினி' வந்த அன்று யாருக்குத் தெரிந்திருந்தது? இருந்தாலும், புழக்கத்திலேயே ஒன்று வேண்டுமானால் 'கள்ள வடிவமைப்பு'. கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ள ஓட்டு. அகராதி பார்க்கத் தேவையில்லை.

நசீர், செவ்வாய் மதியம்

குமரன், கள்ள நோட்டு என்றால் போலி நோட்டு. கள்ள ஓட்டு அடுத்தவர் பெயரில் போட்ட ஓட்டு. அந்தக் கணக்கில் கள்ள வடிவமைப்பு என்றால் அடுத்தவன் வடிவமைப்பைத் திருடியது என்று ஆகும். எங்கள் தொழிலில் அது தனி வியாதி, அதற்கும் ஒரு சொல் வேண்டும். இங்கே வடிவமைப்பு அசல். சம்பளம் வாங்கிக்கொண்டு, கூட்டம் போட்டு, முறையாகச் செய்தது.

பிரிட்டோ, செவ்வாய் மதியம்

நசீர் சொல்வது முழுக்கச் சரியில்லை. தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகளில் 'கள்ளத்தராசு' வருகிறது. அது திருடிய தராசும் இல்லை, போலித் தராசும் இல்லை. உண்மையான தராசுதான், ஏமாற்றுவதற்கென்றே செய்தது. நுகர்வோர் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உறவு கிடைக்குமா? ஆக, 'கள்ள' என்ற முன்னொட்டு இந்தப் பொருளையும் தாங்கும். என் ஓட்டு குமரனுக்கு. (நல்ல ஓட்டுதான்.)

நசீர், செவ்வாய் மதியம்

கள்ளத்தராசை யோசிக்கவில்லை. ஒரு புள்ளி உங்களுக்கு.

தயாபரன், செவ்வாய் மாலை

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். இதைத்தான் நாங்கள் 'சுத்துமாத்து' என்போம். எந்தக் கிழவிக்கும் விளங்கும். ஆனால் அரசாங்கக் கையேட்டின் அட்டையில் போடலாமா என்றால், போட முடியாது என்று எனக்கே தெரியும். உங்கள் பக்கம் 'தகிடுதத்தம்' என்கிறீர்களே, அதற்கும் இதே விதிதான். சரியான பொருளைத் தரும் சொற்களெல்லாம் ஏன் எப்போதும் வாசலிலேயே நிற்கின்றன?

'ஏய்ப்பு வடிவமைப்பு' என்றால் என்ன? ஏய்த்தல் இருவருக்கும் பொது, மரியாதையான சொல்லும்கூட.

மலர்விழி, செவ்வாய் மாலை

தயாபரன் அண்ணா, ஏய்ப்பு நன்றாக இருக்கிறது. ஒரே பயம், இங்கே ஏய்ப்பு என்றதும் வரி ஏய்ப்புதான் வாயில் வரும்.

பொதுச்சொல் ஒரு பக்கம் ஓடட்டும். சந்தா வகைக்கு என்ன? பிரிக்னல் தொடக்கத்தில் அதற்குக் கரப்பான்பூச்சிப் பொறி ஒன்றின் அமெரிக்கப் பெயரை வைத்தாராம். கரப்பான் உள்ளே வரும், வெளியே போகாது என்பது அந்தப் பொறியின் விளம்பரம். 'கரப்பான் விடுதி' என்று எழுதிவிட்டு நானே அழித்துவிட்டேன்.

சாந்தி, செவ்வாய் மாலை

பறி!

மழைக்காலத்தில் வயல் மடையில் வைப்பார்களே, மூங்கில் குச்சியில் பின்னிய மீன்பறி. வாயில் குச்சிகள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். நீரோட்டத்தோடு மீன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பினால் எல்லாக் குச்சியும் முகத்தில் குத்தும். பூட்டு இல்லை, கதவு இல்லை, வழி திறந்தேதான் இருக்கிறது. இதைவிடத் துல்லியமாக அந்தச் சந்தாவைச் சொல்ல முடியுமா? வழிப்பறியின் பறியும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. 'சந்தாப்பறி'.

நசீர், செவ்வாய் இரவு

சாந்தி அக்கா, இதை நான் நாளையே அலுவலகத்தில் ஓட்டிவிடுவேன்.

தொடர்பாக ஒரு செய்தி. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் இருந்ததாக அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2023-ல் தொடுத்த வழக்கில் சொன்னது. நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகள். 2025 செப்டம்பரில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 250 கோடி டாலர் தர நிறுவனம் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது.

வேலாயுதம், செவ்வாய் இரவு

பெயர் வைத்தவர் இலியட்டைப் படிக்கவில்லை போலும். அந்தக் கிரேக்கக் காவியம் டிராய் நகர முற்றுகையைப் பாடுவது. வீடு திரும்ப முடியாமல் பத்தாண்டு அலைவது ஒடிசி. விலக முடியாதவன் கதைக்கு ஒடிசி என்றல்லவா வைத்திருக்க வேண்டும்!

பறி நல்ல சொல். ஆயினும் நற்றிணை 142-இல் இடையன் முதுகில் கிடக்கும் பறி, ஓலைப்பாய். 'சந்தா'வும் உருது வழி வந்தது. பாதி தமிழ், பாதி பிறிது என்று ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

தயாபரன், செவ்வாய் நள்ளிரவு

எங்கள் பக்கம் மீன் கொண்டுபோகும் ஓலைப்பையும் பறிதான். பிடிப்பதைக் கூடு என்போம். ஆனாலும் சந்தாக்கூடு என்றால் ஏதோ பாதுகாப்பான இடம் போல இருக்கிறது. பறியே இருக்கட்டும்.

நசீர், புதன் காலை

ஐயா, சந்தா உருது என்றால் என் பாட்டியிடம் அனுமதி வாங்கித் தருகிறேன். அவர் மாதாமாதம் கட்டிவிட்டு அதைத் தமிழ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாந்தி, புதன் காலை

மற்றவை, வேகமாக. கேட்காத பொருள் கூடைக்குள் வந்துவிடுவது 'கூடைச்செருகல்'. வேலாயுதம் ஐயாவுக்கு இது பிடிக்கும், ஏட்டில் நடந்தால் இடைச்செருகல், கடையில் நடந்தால் கூடைச்செருகல். கூச வைப்பது 'குத்திக்காட்டல்'. வழிகாட்டு நெறியில் உள்ள உதாரணமே, காப்பீடு எடுக்காதவரை 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று சொல்ல வைக்கும் பொத்தான்தான். வீட்டுக்கு வீடு கேட்ட குரல் அது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணம் ஏறுவதற்கு, ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பான 'சொட்டு விலை' வேண்டாம் என்பேன். எங்கள் ஊர்ப்பக்கம் சொட்டு என்றால் சொட்டுநீர்ப் பாசனம், மானியம், மிச்சம். நல்ல பெயர் எடுத்த சொல்லைக் கெடுக்க வேண்டாம். 'ஒளிவு விலை'?

குமரன், புதன் காலை

ஒளிந்திருந்தால் தெரியவே தெரியாதே. இது கடைசியில் தெரிகிறது. 'தவணை முறையில் அதிர்ச்சி' என்று போடுங்கள்.

மலர்விழி, புதன் மாலை

அச்சகத்திலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்கள். நேற்று தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்துக் கணக்கு: ஏய்ப்பு வடிவமைப்பு 6, கள்ள வடிவமைப்பு 4, பார்வை 1 (யார் என்று சொல்லத் தேவையில்லை). அட்டையில் 'ஏய்ப்பு வடிவமைப்பு' போட்டு, உள்ளே முதலில் வரும் இடத்தில் மட்டும் 'டார்க் பேட்டர்ன் எனப்படும்' என்று சேர்த்துவிட்டேன். சந்தாப்பறி, கூடைச்செருகல், குத்திக்காட்டல் மூன்றும் அப்படியே. சொட்டு விலையை மாற்ற நேரமில்லை, மன்னியுங்கள். கடைசிப் பக்கத்தில் புகார் எண் 1915-ஐப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிரிட்டோ, புதன் இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கள்ளத்தராசுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மலர்விழி, வெள்ளி காலை

கையேடு வந்துவிட்டது. கட்டைப் பிரித்துக்கொடுத்த அச்சகத் தம்பி அட்டையைப் பார்த்துவிட்டு, "வருமான வரிக்காரங்களுக்கா அக்கா?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஐந்தாம் பக்கத்தைப் படித்துவிட்டு, "இந்தப் பறியிலதான் நான் அந்தப் பாட்டு செயலியில மாட்டியிருக்கேன்" என்று போனை நீட்டினார். இன்னும் வெளியே எடுத்தபாடில்லை, நசீர், சாயங்காலம் அழைக்கிறேன்.

படப்பிரதி இணைத்திருக்கிறேன்.

வேலாயுதம், வெள்ளி மதியம்

பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் 'சந்தாபறி' என்று இருக்கிறதே அம்மா. நடுவில் இருந்த ஒற்றை யார் பறித்தது?