புதுப்பிப்பு: சங்கீத வாசிப்பில் 24-ம் நாள் சிக்கல்

வேதாகமத்திலுள்ள 150 சங்கீதங்களையும் தினம் 5 வீதம் 30 நாளில் வாசிக்கும் முறையை முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். 24-ம் நாளில் வாசிப்பு நின்றுபோகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அன்று 116 முதல் 120 வரை வருகிறது. நடுவில் 176 வசனங்களோடு 119. அதைத் தனியே எடுத்துவிடுங்கள். எட்டெட்டு வசனமாக 22 பகுதிகள் இருக்கின்றன, இரவுக்கு ஒன்று போதும்.

வாசித்தும் மனம் அடங்கவில்லை என்பவர்கள் ஐந்தையும் தியானிக்கப் பார்க்க வேண்டாம். ஐந்தை வாசியுங்கள், ஒன்றில் மட்டும் தங்குங்கள். உதாரணமாக 13-ம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, 3, 4-ல் விண்ணப்பம், 5, 6-ல் நம்பிக்கையும் பாட்டும். கவலையோடு வருகிறவர் நேரே 5-க்குத் தாவிவிடுகிறார். சொல்லாத பாரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் இரண்டு வசனங்களோடு உங்கள் முறையீட்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் 3.

18-ம் நாளில் வரும் 88-ல் ஆறுதலான முடிவைத் தேடாதீர்கள், அது இருளிலேயே முடிகிறது. அப்படியொரு ஜெபம் வேதத்தில் இருப்பதே பெரிய ஆறுதல் என்பேன். துக்கத்தில் இருப்பவர்கள் அன்று அதோடு நிறுத்தி, 89, 90-ஐ மறுநாளோடு சேர்த்துக்கொள்ளலாம்.