அம்மாவின் உஷா மிஷின்: எடைக்குப் போடச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை

அருப்புக்கோட்டைக்காரி:
அம்மா 1978இல் சீட்டுப் பணத்தில் வாங்கிய கறுப்பு உஷா, கால் மிஷின். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் அம்மா உறுப்பினர். சத்துணவுப் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடைத் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து தைப்பார். ஜூன் நெருங்கினால் இரவு பதினொரு மணிக்கும் மிஷின் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம்.

துணி உரசி உரசி, ஊசிக்கு முன்னால் இருந்த தங்கப் பூவெல்லாம் போய் வெறும் இரும்பு பளபளக்கிறது. பலகை ஓரத்தில் அம்மா பிளேடால் கீறிய அங்குலக் கோடுகள், 1 முதல் 12 வரை. டேப்பைத் தேடவே மாட்டார்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் கோவையில் மகள் வீட்டுக்குப் போகிறேன், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மிதித்தால் கனக்கிறது. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "எடைக்குப் போட்டுட்டு மோட்டார் மிஷின் வாங்குங்க" என்றார். இதைச் சரிசெய்ய முடியாதா?

பாபின்கேஸ்:
முடியும் அக்கா. அடியில் வளையம் விழுந்தால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு நூலைக் கோர்த்துப் பாருங்கள். இறக்கி வைத்துக் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் இறங்காது. கனம் பழைய எண்ணெய் பிசினாகிப் போனதால் வரும். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் நிச்சயம் அதுதான். எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் ஓட்டி, அழுக்கைத் துடைத்த பிறகு மிஷின் ஆயில் விடுங்கள். அடியில் பாபின் உட்காரும் ஷட்டிலையும் கழற்றிப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் அரை அங்குலம் வெட்டிக் கொக்கியை மாட்டுங்கள், இறுக்கிவிடாதீர்கள்.

மாடிவீடு:
தூக்குவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பலகை மேல் இருக்கும் மிஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்தால் கீல் பக்கம் இரண்டு திருகு தெரியும். தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். ஸ்டாண்டை இரண்டு பேர் தூக்கலாம். நான் அப்படித்தான் கொண்டுவந்தேன்.

கல்கத்தாத் தமிழன்:
தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். உஷா மிஷின் செய்த ஜெய் இன்ஜினியரிங் தொழிற்சாலை இங்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில்தான் இருந்தது. இன்று அந்த இடத்தில் சவுத் சிட்டி மால் நிற்கிறது. நான் வாராவாரம் அந்தப் பக்கம் போகிறேன். எங்கள் பாட்டியின் மிஷினை நாங்கள் கொடுத்துவிட்டோம். அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

அருப்புக்கோட்டைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நூல் கோர்த்ததில்தான் தப்பு, தையல் இப்போது சரியாக விழுகிறது. அப்புறம் ஷட்டிலைக் கழற்றி, மேல் தகட்டையும் எடுத்தேன். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு கெட்டியாகப் படிந்திருந்தது, காக்கி நிறத்தில். அம்மா சீருடை தைப்பதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. அதைத் தூக்கிப் போடவில்லை, பாபின் டப்பாவில் வைத்திருக்கிறேன். மிதி இன்னும் கொஞ்சம் கனம்தான். நாளைக்குப் பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.