வெள்ளரியில் வரும் தேமல் வாழைக்கும் தாவுமா?

களக்காட்டான்:
ஏத்தன் வாழைக்கு ஊடே வெள்ளரி, பூசணி போடாதே, இலை திட்டுத் திட்டாக வெளுக்கும் தேமல் நோய் தாவும் என்கிறார்கள். வெள்ளரிக்கு வருவது வேறு, வாழைக்கு வருவது வேறு. கன்று சுத்தமாக இருந்தால் போதும். குலை வெட்டும்வரை கைச்செலவுக்குக் காசு தருவது ஊடுபயிர்தான்.

பொருநைக்கரை:
இல்லை அண்ணாச்சி, இரண்டும் ஒன்றுதான். 1916-ல் அமெரிக்காவில் வெள்ளரியில் கண்டறிந்த வெள்ளரித் தேமல் வைரஸ் இது. இன்று 1200-க்கும் மேற்பட்ட செடி இனங்களைத் தாக்குவதாகத் தெரிந்திருக்கிறது. மிளகாய், தக்காளி, வரப்பில் கிடக்கும் கானாவாழைக் களைகூட அதில் உண்டு. வாழை இலையில் மஞ்சள் கோடு விழுந்து, முற்றினால் குருத்து அழுகுகிறதே, அதுவும் இதன் வேலைதான்.

களக்காட்டான்:
ஒரே வைரஸ் என்றால் ஒரு தோட்டத்தில் இலை லேசாக வெளுப்பதும், இன்னொன்றில் குருத்தே போவதும் ஏன்? வைரஸிலும் ரகங்கள் உண்டுதானே? அப்படியானால் பயிருக்கு ஒரு ரகம் என்றுதானே ஆகிறது?

பொருநைக்கரை:
ரகங்கள் உண்டு. பெரும்பிரிவுகள் இரண்டு, இரண்டுக்கும் மரபெழுத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வித்தியாசம். முதல் பிரிவுக்குள்ளும் ஏ, பி என்று இருக்கிறது. பி வகை ஆசியாவில்தான் அதிகம். மரபுப்பொருள் மூன்று ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருப்பதால், ஒரே செடியில் இரண்டு ரகம் புகுந்தால் துண்டுகள் மாறிச் சேர்ந்து புதுக் கலவையும் பிறக்கும். ஆனால் இந்தப் பிரிவுகள் பயிர்வாரியாகப் பிரிந்தவை அல்ல. பல செடிகளில் நுழையும் திறமை எல்லாவற்றுக்கும் உண்டு.

சேரன்மாதேவிக்காரி:
கன்று விஷயத்தில் களக்காட்டு அண்ணன் சொல்வது சரி. நோயுள்ள தாய்மரத்துக் கன்றில் வைரஸும் கூடவே வரும். ஆனால் திசு வளர்ப்புக் கன்று சுத்தமாக வந்தாலும், நட்ட முதல் சில மாதங்களில் இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும். ஊடே வெள்ளரி படர்வதும் அதே மாதங்களில்தான்!

களக்காட்டான்:
வைரஸைச் செடிக்குச் செடி பரப்புவது அசுவினிப் பூச்சிதானே, அதற்கு மருந்து அடித்தால் தீர்ந்தது. பக்கத்து வயலில் மிளகாய் இருக்கும்போது நான் மட்டும் வெள்ளரியை விட்டு என்ன பயன்?

பொருநைக்கரை:
மருந்து பட்டுச் சாவதற்குள் அது பரப்பிவிடும். இலையில் ஒரு நிமிடம் குத்திப் பார்த்தாலே போதும். ஆனால் அந்த வைரஸ் அசுவினியின் வாய்முனையில் வெகுநேரம் தங்காது. வழியில் சில செடிகளைக் குத்தினாலே கழிந்துவிடும். அதனால் பக்கத்து வயல் மிளகாயைவிட உங்கள் வாழைக்கு ஊடே படரும் வெள்ளரிதான் அதிக ஆபத்து. கானாவாழையையும் பிடுங்கிவிடுங்கள்.

களக்காட்டான்:
சரி, களை எடுக்கிறேன். வெள்ளரியை விட்டால் அந்த வருமானத்துக்கு எதைப் போடுவது? அதைச் சொல்லுங்கள், அப்புறம் விடுவதைப் பற்றிப் பேசலாம்.